தோலும் மேலணி இழையமும்: கல்முனைக் கரையோர வாழ்வை முன்வைத்து ஒரு விளக்கம்

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களிலே, பெருநாளுக்கு முந்திய இரவில் பெண்களும் சிறுவர்களும் மருதோன்றி அரைத்துக் கையில் இடுவர். விடிந்ததும் கழுவிப் பார்த்தால், உள்ளங்கையிலே சிவப்பு நன்கு பற்றியிருக்கும். புறங்கையிலோ அது மங்கலாகவே காணப்படும். இரண்டு மூன்று வாரங்களில், எவரும் அழிக்காமலே அச்சிவப்பு மறைந்துவிடும். உள்ளங்கையில் அது மிகுதியாகப் பற்றுவது ஏன்? தானாகவே மறைவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்தவர் தோலின் அமைப்பிற் பாதியை அறிந்தவராவர்.

தோலில் ஒரு மாற்றம் தோன்றும்போது எமது சமூகம் அதனை இரண்டு அளவுகோல்களாலேயே பெரிதும் அளந்து வந்துள்ளது. ஒன்று வலி, மற்றது வெட்கம். வலித்தால் வைத்தியரை நாடுகின்றோம். வெட்கம் தந்தால் மறைக்கின்றோம். இவ்விரண்டும் பிழையான அளவுகோல்கள் என்பதைத் தோலினதும், அதனோடு உறவுடைய ஏனைய மேலணி இழையங்களினதும் அமைப்பைக் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

உடற்கூற்றியலைத் தமிழிற் கூறும் முயற்சி ஈழத்திற்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, உடற்றொழில் பற்றிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது ஆக்கப்பெற்ற கலைச்சொற்களுள் கலம், இழையம், மேலணி என்பன இடம்பெற்றன. தமிழ்நாட்டார் செல் என்பதை நாம் கலம் என்போம். அவர்கள் திசு என்பதை இழையம் என்போம். உடலின் மேற்பரப்பையும், உட்குழிகளின் பரப்பையும் அணியாக மூடி நிற்கும் இழையமே மேலணி.

மேலணியை ஏனைய இழையங்களிலிருந்து பிரித்துணர மூன்று இயல்புகள் போதும். முதலாவது, அதன் கலங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்திருக்கும். இரண்டாவது, அக்கலங்கள் அடித்தள மென்சவ்வு என்னும் மெல்லிய தளத்தின்மீது அமர்ந்திருக்கும். மூன்றாவது, மேலணிக்குள்ளே குருதிக்குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசனும் உணவும் கீழேயுள்ள இழையத்திலிருந்து கசிந்தே வருகின்றன. இம்மூன்றாம் இயல்பையும் அடித்தள மென்சவ்வையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அவை மீண்டும் வரும்.

செய்யும் தொழிலுக்கேற்ப மேலணியின் வடிவமும் வேறுபடுகின்றது. வாயுக்கள் விரைந்து கடக்கவேண்டிய சுவாசப்பையின் சிற்றறைகளில், தட்டையான கலங்கள் ஒரே படையாக உள்ளன. சிறுநீரகத்தின் நுண்குழாய்களிற் கனவடிவக் கலங்களையும், உணவை உறிஞ்சும் குடலில் உயர்ந்த கம்ப வடிவக் கலங்களையும் காணலாம். வாதனாளியின் மேலணியில் நுண்ணிய பிசிர்கள் உண்டு. அவை தூசு படிந்த சளியை மேனோக்கித் தள்ளியபடி இருக்கும். சிறுநீர்ப்பையின் மேலணி நீர் நிறையும்போது விரிந்து, வெறுமையாகும்போது சுருங்கும். தேய்வும் உரோஞ்சலும் மிகுந்த இடங்களில், அதாவது தோலிலும் வாயிலும் உணவுக்குழாயிலும், மேலணி பல படைகளைக் கொண்டதாகின்றது. ஒரு படை தேயத் தேய அடுத்தது மேலெழுகின்றது. தோலும் வாயின் உட்புறமும் ஒரே குடும்பத்தவை என்பது இதனாற் பெறப்படும்.

தோலின் அமைப்பு

தோல் எமது உடலின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்த ஒருவரிடத்து அதன் பரப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீற்றர் வரையிலாகும். மேற்றோல், உட்டோல் என்பன அதன் இரு பகுதிகள். அவற்றின் கீழே கொழுப்புப் படை உண்டு.

மேற்றோலே மேலணி. அதன் அடிப்படையில் உள்ள கலங்கள் ஓயாது பிரிவடைகின்றன. பிறந்த கலம் மேனோக்கித் தள்ளப்படும், செல்லும் வழியிலே கெரற்றின் என்னும் உறுதியான புரதத்தை நிரப்பிக்கொள்ளும், கருவை இழக்கும், இறுதியில் உயிரற்ற தட்டையான செதிலாகிக் கொம்புப்படையை அடையும். எமது நகமும் மயிரும் மாட்டின் கொம்பும் இதே வகைப் புரதத்தால் ஆனவையே. அடியிற் பிறந்த ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எனவே நாம் ஒருவரையொருவர் பார்க்கும்போது காண்பது இறந்த கலங்களையே. அவை இறந்து நிற்பதனாலேயே உள்ளிருப்பவை உயிரோடிருக்கின்றன.

மருதோன்றிக்கு வருவோம். இலையிலுள்ள சாயப்பொருள் கொம்புப்படையின் கெரற்றினோடு பிணைகின்றது. கொம்புப்படை மிகவும் தடித்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆதலின் அங்கே நிறம் ஆழமாகப் பற்றுகின்றது. கண்ணிமையில் மேற்றோலின் தடிப்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. உள்ளங்கை, உள்ளங்கால்களில் அது 1 மில்லிமீற்றரையும் தாண்டும். சாயம் ஏறிய செதில்கள் உதிர உதிர நிறமும் போய்விடும்.

உட்டோல் வேறு வகையானது. அது நார்களாலான தொடுப்பிழையம். குருதிக்குழாய், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி, மயிர்ப்புடைப்பு, தொடுகையையும் சூட்டையும் வலியையும் அறியும் நரம்புகள் யாவும் அங்கேயே அமைந்துள்ளன. அந்நரம்புகளின் மிக நுண்ணிய நுனிகள் சில மேற்றோலுக்குள்ளும் நுழைகின்றன. மேற்றோல் மதிலாயின் உட்டோல் அதன் காவலர் வாழும் வீடு எனலாம்.

நிறம் பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் தகும். அடிப்படையின் கலங்களுக்கிடையே மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் உள்ளன. கறுத்தவரிடத்தும் வெளுத்தவரிடத்தும் இக்கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமே. மெலனின் மணிகளின் அளவும் அவை பரம்பும் முறையுமே வேறுபடுகின்றன. மெலனின் சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுத்து, கலங்களின் கருவைக் காக்கின்றது. கலியாணப் பேச்சிற் பெண்ணின் நிறத்தைக் குறையாகக் கூறுவோர் குறை கூறுவது ஒரு குடையையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொழில்களும் தொழிலாளரும்

தோலின் முதற்றொழில் தடுத்தல். அது நீர் உள்ளே புகாமலும் உடல்நீர் வெளியேறாமலும் காக்கின்றது, கிருமிகளைத் தடுக்கின்றது. பேர்லினில் மருத்துவ மாணவராக இருந்த போல் லாங்கர்கான்சு 1868 இல் மேற்றோலில் இனங்கண்ட கிளைத்த கலங்கள், உடலின் நோயெதிர்ப்புக் காவலைச் சேர்ந்தவை எனப் பின்னர் அறியப்பட்டது. அடுத்தது வெப்பத்தைச் சீராக்கல். மண்பானை நீரைக் குளிர்விப்பது போல வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை விரைந்து உலர்ந்து தோல் வறள்வதும், மாரியின் ஈரத்தில் வியர்வை உலராது உடல் புழுங்குவதும் இக்கரையோரத்தார் யாவரும் அறிந்ததே. உணர்தலும், சூரிய ஒளியின் துணையோடு விற்றமின் டியை ஆக்கலும் ஏனைய தொழில்களாகும்.

தடுக்கும் இம்மதில் எங்கே உடைகின்றது என்பதை அறிய, உழைப்போரின் கைகால்களைப் பார்த்தல் வேண்டும். கரைவலை இழுப்போரின் உள்ளங்கையிற் காய்ப்பு விழுகின்றது. அது நோயன்று, உரோஞ்சலுக்கு விடையாகக் கொம்புப்படை தடித்தலேயாகும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களிலே நாள் முழுவதும் நீரில் நிற்கும் வேளாண்மைக்காரரின் கொம்புப்படை ஊறிப் பருக்கின்றது, விரலிடுக்குகள் வெடிக்கின்றன, அவ்வழியே பங்கசும் பற்றீரியாவும் புகுகின்றன. சேற்றுப்புண் என்று நாம் சாதாரணமாகக் கூறுவது இதுவே. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் வாழும் எலிக்காய்ச்சற் கிருமியும் இவ்வெடிப்புகளினூடாக உடலை அடையலாம். 2008 ஆம் ஆண்டு இலங்கையில் 7000 இற்கு மேற்பட்டோர் இக்காய்ச்சலுக்கு உள்ளானதாக ஐயுறப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் வயலில் உழைத்தோர். வுழுச் செய்தபின் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து உலர்த்துதல் போன்ற ஒரு சிறு பழக்கமும் இம்மதிலைக் காக்க உதவும்.

மருதமுனையின் கைத்தறித் தொழிலிலும் இதனையொத்த நிலைமை உண்டு. நூலுக்குச் சாயமிடும்போது கையாளப்படும் காரப்பொருள்களும் சாயங்களும் கொம்புப்படையின் எண்ணெய்த்தன்மையைக் கரைத்து, அழற்சியை உண்டாக்கக்கூடியவை. இறப்பர்க் கையுறையே இதற்குரிய எளிய பாதுகாப்பு. கடைகளில் விற்கப்படும் கறுப்பு மருதோன்றியையும் இங்கே சேர்த்தெண்ணல் வேண்டும். இலையின் சாயம் ஒருபோதும் கறுப்பாகாது. விரைவிற் கறுப்பதற்காகச் சேர்க்கப்படும் பரா பெனிலீன் டையமீன் என்னும் தலைமயிர்ச் சாயப்பொருள் சிலருக்குக் கொப்புளத்தையும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒவ்வாமையையும் தரும்.

மேற்கூறிய யாவும் எரிவும் கடியும் தருபவை. சொறியும் அவ்வாறே. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணி கொம்புப்படையிற் சுரங்கமிட்டு முட்டையிடுவதால் வரும் அந்நோய், இரவிலே கடும் அரிப்பைத் தரும். வீட்டிலுள்ள யாவரும் ஒரே நாளில் மருந்து பூசினாலன்றி அது தீராது. இவை தொல்லை தருவனவாயினும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வதால் நோயாளர் வைத்தியரிடம் செல்கின்றனர். அறிவிக்காது வருபவையே அஞ்சத்தக்கவை.

வலியில்லாத வடு

தொழுநோய் அத்தகையது. நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் 1873 இல் வைத்தியர் ஆர்மவர் ஹன்சன் இதன் கிருமியைக் கண்டார். மனித நோயை உண்டாக்குவதாக இனங்காணப்பட்ட முதற் பற்றீரியாக்களுள் இதுவும் ஒன்று. இக்கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது; ஆதலின் தோலையும் புறநரம்புகளையும் மூக்கின் மென்சவ்வையும் தாக்குகின்றது. ஒரு முறை பெருகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும் அளவுக்கு அது மந்தமானது. எனவே தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற ஐந்தாண்டும், சிலரில் இருபதாண்டும் செல்லும்.

அறிகுறி யாது? தோலில் ஒரு வெளிறிய அல்லது சிவந்த தேமல். அதில் அரிப்பு இல்லை, வலி இல்லை, நாளடைவில் உணர்வும் இல்லை. உட்டோலின் நரம்பு பழுதுறுவதால் அவ்விடம் மரத்துப்போகின்றது, வியர்வை குன்றுகின்றது, மயிர் உதிர்கின்றது. பஞ்சின் நுனியை மெல்லத் தொட்டால், கண்ணை மூடிய நோயாளரால் தொட்ட இடத்தைக் காட்ட முடிவதில்லை. விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று ஊரார் கூறுவது பிழை. உணர்விழந்த கை அடுப்பின் சூட்டை அறியாது. உணர்விழந்த கால் அறுவடை முடிந்த வயலின் தாட்கட்டை குத்தியதை அறியாது. கவனிக்கப்படாத அக்காயங்களும் தசைகளை இயக்கும் நரம்புகளின் பழுதுமே காலப்போக்கில் அங்கத்தைச் சிதைக்கின்றன. வலி ஒரு துன்பமன்று, அது ஒரு காவல் என்பதை இந்நோய் போல் வேறெதுவும் எமக்கு உணர்த்துவதில்லை.

இந்நோயை எமது நாடு நெடுங்காலம் மதிலாலும் நீராலும் எதிர்கொண்டது. ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தனர். 1901 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வழிவகுத்தது. கிழக்கில், மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவில் பிரித்தானியர் காலத்தில் நிறுவப்பட்ட வைத்தியசாலைக்கு நோயாளர் தோணியேற்றி அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் நோயைத் தீர்க்கும் மருந்து இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயின் இன்று நிலை வேறு. உலக சுகாதார நிறுவனம் 1981 இற் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை 1983 இல் இலங்கைக்கு வந்தது. றிபாம்பிசின், டப்சோன், குளோபசிமின் ஆகிய மருந்துகளை, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொண்டால் நோய் முற்றாகக் குணமாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை நீங்கிவிடும். மருந்து இலவசம், எவரையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. இது பரம்பரை நோயுமன்று. மனிதருட் பெரும்பாலானோர் இயல்பாகவே இதனை எதிர்க்கும் ஆற்றலுடையோர்.

1995 இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவரிலும் குறைந்த நிலையை இலங்கை அடைந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2000 புதிய நோயாளர் இனங்காணப்பட்டு வந்தனர். அவர்களுட் சிறுவரும் இருந்தமை, கிருமி இன்னும் பரவிக்கொண்டிருந்ததற்குச் சான்று. நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகளாகச் சுகாதாரத் துறையினர் குறித்தவற்றுள் மட்டக்களப்பும் கல்முனையும் அடங்கும். இதற்கு மதமோ இனமோ உணவோ காரணமல்ல. நீண்டகால நெருக்கமான தொடர்பினால், சுவாசத் துளிகளின் வழியே இந்நோய் பரவுவதாகக் கருதப்படுகின்றது. ஒரு புறம் கடல், மறு புறம் வயல். இடையிலே ஒடுங்கிய நிலத்தில் வளவுக்குள் வளவாகப் பிரிந்த வீடுகள். 2004 இன் ஆழிப்பேரலை அந்நிலத்தையும் சுருக்கிச் சென்றது. தொழுநோய் இங்கே ஒரு கிருமியின் வினா மட்டுமன்று. ஒரு வீட்டின் வினாவும் ஆகும்.

வெட்கம் என்னும் பிழை

தாய்மார் மகளின் உடலில் ஒரு தேமலைக் கண்டால், வைத்தியரைக் காணுமுன் கலியாணத்தை நினைக்கின்றனர். மறைப்பு அங்கே தொடங்குகின்றது. ஆயின் வெளிறிய யாவும் தொழுநோயல்ல. கழுத்திலும் மார்பிலும் மாசு படிந்தாற் போலத் தோன்றும் தேமல் ஒரு வகைப் பங்கசினால் வருவது. பூச்சு மருந்தில் மறையும். பாலைப் போல முற்றாக வெளுத்துத் தோன்றுவது வேறொன்று. மெலனின் ஆக்கும் கலங்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் அது வருகின்றது. அதிற் கிருமி இல்லை, தொற்று இல்லை, அவ்விடத்தில் உணர்வு சிறிதும் குன்றுவதில்லை. எனினும் தமிழில் அதற்கு வெண்குட்டம் என்று பெயரிட்டோம். குட்டம் என்பது தொழுநோயின் பெயர். ஒரு பெயரின் பிழையால், நோயற்ற ஒருவர் நோயாளருக்குரிய விலக்கலையும் சுமக்கின்றார். தமிழ்நாட்டில் இதற்கு வெண்புள்ளி என்னும் சொல் வழங்கி வருகின்றது. நாமும் அதனை ஏற்றல் வேண்டும்.

கூர்ந்து நோக்கிப் பிரித்தறிதல் எமது மரபுக்கு அயலானதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அர்-ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்தையும் அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு வேறுபடுத்தி ஒரு தனி நூல் எழுதினார். தோலில் தோன்றியதைக் கண்டு அவர் முகம் திருப்பவில்லை, உற்று நோக்கினார்.

வாயின் உட்புறம்

வாயின் மேலணியும் தோலின் குடும்பத்ததே என முன்னர்க் கூறினோம். இக்கரையோரத்தில் விருந்தினர்முன் வெற்றிலை வட்டா வைப்பது மரியாதை. வெற்றிலையை நாம் குறைகூறவில்லை. குற்றம் பாக்கினதும் புகையிலையினதும் ஆகும். பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்கள் மேலணிக்குக் கீழேயுள்ள நாரிழையத்தை மிகைபட வளர்க்கின்றன. கன்னம் விறைத்து, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றது. சுண்ணாம்பின் காரமும் ஓயாத உரோஞ்சலும் மேலணியைப் புண்படுத்துகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டையும், 2004 இல் புகையிலை சேராத கூட்டையும் பாக்கையுமே புற்றுநோய்க் காரணிகளாக வகுத்தது. இலங்கை ஆண்களிடையே நெடுங்காலமாக மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது.

மேலணியின் இரு இயல்புகள் இங்கே மீண்டும் வருகின்றன. புற்றாக மாறிய கலங்கள் முதலில் அடித்தள மென்சவ்வுக்கு மேலேயே தங்குகின்றன. அங்கே குருதிக்குழாய் இல்லாமையால் அவை உடலெங்கும் பரவ இயலாது. நரம்புகள் நிறைந்த ஆழத்தை இன்னும் எட்டாமையால் பெரும்பாலும் வலியும் இல்லை. துடைத்தாலும் போகாத ஒரு வெண்திட்டு, அல்லது ஒரு செந்திட்டு மட்டுமே தென்படும். முற்றாகக் குணப்படுத்தக்கூடிய காலம் அதுவே. மென்சவ்வைத் துளைத்துக் கீழிறங்கிய பின்னரே வலி வரும். வலி வந்தபின் நோயாளர் வருவார். வலியை அளவுகோலாகக் கொண்டவர் பிந்திவிடுகின்றார்.

முடிவாக

தொழுநோயின் தேமலும் வாயின் வெண்திட்டும் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகளாயினும், ஒரே பாடத்தைக் கூறுகின்றன. மேற்பரப்பில் தோன்றும் அபாயம் பல வேளைகளில் நோவதில்லை. ஊர் வெட்கப்படுவது பல வேளைகளில் அபாயமானதன்று. ஆகவே செய்யவேண்டியவை சிலவே. உணர்வில்லாத தேமலையும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணையும், துடைத்தாற் போகாத திட்டையும், நோகாவிடினும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒருவருக்குத் தொழுநோய் என அறியப்பட்டால் அவ்வீட்டார் யாவரும் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். தொடர்புடையோருக்கு ஒரு வேளை றிபாம்பிசின் கொடுத்துத் தடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2018 இற் பரிந்துரைத்துள்ளது. பாடசாலைகளிலே மேலணி என்பதைப் பரீட்சைக்குரிய ஒரு படமாக மட்டும் கற்பிக்காது, மாணவரின் கையையும் வீட்டையும் தொட்டுக் கற்பித்தல் வேண்டும்.

கிறீன் காலத்திலிருந்து இவ்வறிவைக் கூறத் தமிழிற் சொற்கள் உண்டு. அச்சொற்கள் விரிவுரை மண்டபத்தைக் கடந்து, மருதோன்றி அரைக்கும் முற்றத்துக்கும் வட்டா வைக்கும் திண்ணைக்கும் சென்று சேரவில்லை. அவற்றை அங்கே கொண்டு சேர்த்தல் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்போரினதும் கற்பிப்போரினதும் பொறுப்பாகும். பரிசோதிப்பதற்கு வேண்டிய கருவி ஒரு பஞ்சு நுனி மட்டுமே.